தள்ளாமைக்கு மருந்து டப்பாவிலா?

முதியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைச் சற்றே உற்று நோக்குங்கள். இரு கைகளையும் கைப்பிடியின்மீது ஊன்றுகிறார். உடலை முன்னே சாய்க்கிறார். ஒருமுறை எழ முயன்று மீண்டும் அமர்ந்துவிடுகிறார். பிறகு பெருமூச்சுடன் எழுந்து நிற்கிறார். இதைக் காணும் பிள்ளைகள் இரண்டு காரியங்களைச் செய்கின்றனர். "நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்கின்றனர். மாலையில் கடைக்குச் சென்று புரோட்டீன் மாவு டப்பா ஒன்றை வாங்கி வருகின்றனர். இரண்டும் அன்பின் செயல்களே. நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லுகையில் நாமும் அத்தகைய டப்பாவைக் கையில் கொண்டு சென்றதுண்டு. ஆயினும் முன்னதால் பெரும்பாலும் தீங்கே விளைகிறது. பின்னதால் விளையும் நன்மையோ நாம் எண்ணுவதினும் சிறிது.

முப்பது வயதைக் கடந்தபின் மனிதனின் தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகின்றது என்பர். அறுபதுக்குப் பின் இத்தேய்வு விரைவுபடுகின்றது. தசை குறைவதைவிட அதன் வலிமை இன்னும் வேகமாகக் குறையும். கால் இடறும்போது நொடியில் அடுத்த அடியை முன்வைத்து உடலைத் தாங்கிக்கொள்ள உதவும் விரைவுத் தசையிழைகளே முதுமையில் அதிகம் மெலிவன. குளியலறையில் வழுக்கிய இளைஞன் தடுமாறி நின்றுவிட, அவன் பாட்டனார் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தேய்வுக்கு 1980களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்க் 'சார்க்கோபீனியா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்பது ஊன். 'பெனியா' என்பது வறுமை. குருமடத்தில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பயின்ற நாளில் நமக்கு அறிமுகமான சொல் மருத்துவ ஏட்டில் எதிர்ப்பட்டது கண்டு வியந்தோம். ஊனின் வறுமை! பொருத்தமான பெயர்தான்.

இவ்வறுமையை நீக்க இயலுமா? "வயதாகிவிட்டது, இனி என்ன?" என்பதே பொதுவாகக் கேட்கும் விடை. அவ்விடை தவறு என்று காட்டியவர்கள் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதினர். 1990ஆம் ஆண்டில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோனே என்பாரும் அவர்தம் குழுவினரும் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். அதில் பங்குகொண்டோர் பத்துப் பேர், அனைவரும் 86 முதல் 96 வயது வரையினர், நலிந்தவர்கள். ஒவ்வொருவரும் முழங்காலை நீட்டி ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய மிகப் பெரிய எடையை முதலில் அளந்தனர். முதல் வாரம் அதில் பாதி. அதன்பின் அதில் 80 விழுக்காட்டு எடை. எட்டு முறை மெல்லத் தூக்கி இறக்குதல், சற்று இளைப்பாறுதல், மீண்டும் எட்டு. இவ்வாறு மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். வலிமை கூடக்கூட எடையும் கூட்டப்பட்டது. எட்டு வாரத்திற்குப் பின், பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்திருந்தது; அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு. இருவர் கைத்தடியின்றி நடந்தனர்.

நம் பிள்ளைகள் வாங்கிவரும் டப்பாவுக்கு விடை 1994இல் அதே குழுவினர் வெளியிட்ட அடுத்த ஆய்வில் இருக்கிறது. இம்முறை நூறு முதியோர். சராசரி வயது 87. அவர்களை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 360 கலோரி தரும் சத்துப் பானம், ஒரு பிரிவினருக்கு இரண்டும், எஞ்சியோருக்கு இரண்டுமில்லை. பத்து வாரங்கள் கழித்து அளந்தபோது, பயிற்சி செய்தோரின் வலிமை 113 விழுக்காடு உயர்ந்திருந்தது. செய்யாதோரிடம் 3 விழுக்காடே உயர்வு. பானம் மட்டும் அருந்தியவர்க்கோ வலிமையில் பயன் ஏதும் தெரியவில்லை. பானம் அருந்திய அளவுக்கு அவர்கள் வழக்கமான உணவைக் குறைத்துக்கொண்டனர் என்பதே வேடிக்கை! பயிற்சியும் பானமும் சேர்ந்த பிரிவினரே மொத்தத்தில் கூடுதலாக உண்டனர். உழைத்த உடலுக்கே பசி எடுக்கும் என்பதை நம் வயற்காட்டுப் பெரியோர் ஆய்வின்றியே அறிவர்.

மாறாக, படுக்கை செய்யும் கேடு கொஞ்சமன்று. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 67 வயதுடைய நலமான முதியோரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். உணவும் புரதமும் முறைப்படி தரப்பட்டன. அப்படியிருந்தும் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற சதை கரைந்துபோயிற்று. சாதாரணக் காய்ச்சல் தணிந்த பிறகும் தாயாரை இரண்டு வாரம் கட்டிலிலேயே கிடத்தி வைப்போர் இதை மனத்திற் கொள்வாராக.

வீட்டில் செய்யத்தக்கது எளிதே. கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். கைகளை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமர வேண்டும், எட்டு முறை. இயலாதோர் முதலில் தலையணையிட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். சன்னற் கம்பியைப் பற்றியவாறு குதிகாலை உயர்த்தி இறக்குவது மற்றொன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். எளிதானதும், தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் புட்டியைக் கைக்கொன்றாகப் பற்றிக்கொண்டு எழலாம். அது ஒரு கிலோ எடை. மூச்சை அடக்கக்கூடாது. இதய நோயுற்றோரும் இரத்த அழுத்தம் கட்டுப்படாதோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். "நாங்கள் தினமும் காலையில் நடக்கிறோமே" என்பார் சிலர். நடை இதயத்திற்கு நல்லது. ஆனால் பழகிய சுமையையே சுமக்கும் தசை வலுப்பெறுவதற்கு அது போதாது.

அப்படியானால் புரதம் வேண்டாவா? வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் என்பது இந்தியப் பரிந்துரை. 65 வயதைக் கடந்தோர்க்கு 1 முதல் 1.2 கிராம் நன்று என 2013இல் வல்லுநர் குழு ஒன்று கூறிற்று. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். காலையில் இரண்டு இட்டிலி, இரவில் கஞ்சி என்றிருக்கும் மூதாட்டிக்கு இவ்வளவு கிடைக்க வழியில்லை. முட்டையொன்றில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு கைப்பிடிப் பருப்பில் 7 கிராம். மீனிலும் சுண்டலிலும் தாராளம். மெல்ல இயலாதோர்க்கும் நோயால் எடை இழந்தோர்க்கும் டப்பா துணைசெய்யும். வாங்குமுன் அதில் சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். சிறுநீரக நோயாளர் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

இன்னொன்று. பாஸ்டன் முதியோர் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், அவர்கள் எட்டியிருந்த வலிமையில் 32 விழுக்காடு குறைந்துபோயிற்று. ஆகவே சுவரோரம் வைத்த நாற்காலியை எடுத்துவிட வேண்டாம்.