முழு விலை கொடுத்த பின்னும் முடியாத வியாபாரம்

விலை பேசி, காசைக் கொடுத்து, பொருளை வாங்கிக்கொண்டு போனால் கொடுக்கல் வாங்கல் முடிந்தது. கடை வைத்திருக்கும் நமக்கெல்லாம் தெரிந்த கணக்கு இது. ஆனால் இன்று உலகில் பெரும் இலாபம் பார்க்கும் சில கம்பனிகளுக்கு, வாடிக்கையாளர் முழுக் காசையும் கட்டி முடித்த இடத்தில்தான் வியாபாரமே ஆரம்பமாகிறது. உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் போன்ற விளையாட்டு வீடியோ கேம்களை விற்பவர்களைத்தான் சொல்கிறேன்.

வேலணையில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். தொலைபேசிக்கு ரீலோட் போட வரும் பையன்கள் கேம் பொயின்ட்ஸும் போட்டுத் தரச் சொல்கிறார்களாம். வெளிநாட்டிலுள்ள மாமாவோ சாச்சாவோ அனுப்பிய காசு கையில் இருக்கிறது. கடைக்காரருக்குக் கமிஷன் உண்டு. "இதை விற்கலாமா?" என்பதே கேள்வி. பதில் சொல்ல முன்னர் அந்தச் சரக்கு என்னவென்று பார்க்க வேண்டும்.

எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி ஆண்டுதோறும் ஓர் உதைபந்தாட்ட கேமை வெளியிடுகிறது. பல ஆண்டுகளாக பீபா என்ற பெயரில் வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எப்.சி. என்ற பெயரில் வருகிறது. பிளேஸ்டேஷன் 5 இல் அதன் முழு விலை 70 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. இதே கம்பனி 2006 இல் வெளியிட்ட கிரிக்கெட் 07 ஐ நம் இளைஞர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சீடியைப் போட்டால் அணிகளும் மைதானங்களும் உள்ளேயே இருந்தன. மேலதிகமாக ஒரு சதமும் கேட்கவில்லை.

மாற்றம் 2009 இல் வந்தது. 'அல்டிமேட் டீம்' என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். அதில் நாமே அணி அமைக்க வேண்டும். வீரர்கள் கார்டுகளாக வருவார்கள். கார்டுகள் பக்கெட்டுக்குள் மூடியிருக்கும். உள்ளே மெஸ்ஸியா, பெயர் தெரியாத மூன்றாம் தர ஆட்டக்காரரா என்பது திறந்த பிறகுதான் தெரியும். பக்கெட்டை விளையாடிச் சேர்த்த நாணயத்திலும் வாங்கலாம், காசு கொடுத்து வாங்கிய பொயின்ட்ஸிலும் வாங்கலாம். காசு கட்டாமலும் விளையாட முடியும் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுமையில்லாத பிள்ளைக்குத்தான் பொயின்ட்ஸ்.

பீபா காலத்தில் 12,000 பொயின்ட்ஸின் விலை சுமார் 100 டொலராக இருந்தது. கேமின் விலையை விட அதிகம்! விலையை நேரடியாக டொலரில் போடாமல் பொயின்ட்ஸில் போட்டதிலும் ஒரு வியாபாரத் தந்திரம் இருக்கிறது. 100 பொயின்ட்ஸ் என்றால் பிள்ளைக்கு அது வெறும் எண். 250 ரூபா என்றால் யோசிக்கும்.

கம்பனிக்கு இதில் கிடைத்தது கொஞ்சநஞ்சமல்ல. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் மொத்த வருமானம் சுமார் 563 கோடி டொலர். அதில் 162 கோடி டொலர், அதாவது 29 சதவீதம், உதைபந்தாட்டம் உள்ளிட்ட விளையாட்டு கேம்களின் அல்டிமேட் டீம் பிரிவிலிருந்து மட்டும் வந்ததாகக் கம்பனியின் ஆண்டறிக்கையே கூறுகிறது. கேமை ஒரு தடவைதான் விற்கலாம். மூடிய பக்கெட்டை நாள்தோறும் விற்கலாம்.

இதில் என்ன தவறு, பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையை விலைக்கு விற்பதில்லையா என்று வர்த்தக நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இங்கே பிரிண்டரும் முழு விலை. அதோடு மை வாங்குபவருக்கு மை கிடைக்கிறது. பக்கெட் வாங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை.

இந்த இடத்தில் நமது மார்க்கத்தின் வியாபாரச் சட்டம் மிகத் தெளிவாகப் பேசுகிறது. கல்லை எறிந்து, அது எதில் விழுகிறதோ அதுவே உன்னுடையது என்று விற்பதையும், 'ஃகரர்' எனப்படும் நிச்சயமற்ற வியாபாரத்தையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஃகரருக்கு பிக்ஹ் நூல்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று நம் கரையோர மக்களுக்கு உடனே விளங்கும். சுழியோடி ஒரு தடவை மூழ்கி எழும்போது கையில் எது வருகிறதோ அதை இன்ன விலைக்கு என்று முன்கூட்டியே பேசி விற்பது. சங்கு வரலாம், வெறும் மண்ணும் வரலாம். தீவுப் பகுதியில் சங்கும் கடலட்டையும் வாங்கும் எந்த முதலாளியும் சரக்கைப் பார்த்து, தரம் பிரித்து, எண்ணித்தானே காசு கொடுக்கிறார்? கடலுக்குள் இருப்பதற்கு யார் காசு கட்டுவார்?

மன்னார் முத்துக்குளிப்பில் அப்படித்தானே நடந்தது என்று வரலாறு படித்தவர்கள் சொல்லலாம். ஆம், அங்கே சிப்பிகளைத் திறக்காமலேயே, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கம் ஏலத்தில் விற்றது. 1905 இல் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் கிடைத்தது. கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் நம்மவர்கள் சுழியோடவும் வாங்கவும் வந்தார்கள். இலாபம் கண்டவர்களும் உண்டு, கைமுதலை இழந்தவர்களும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிப்பு ஆரம்பிக்க முன்னரே மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, கழுவி, முத்துக்களை நிபுணர்களைக் கொண்டு மதிப்பிட்டு, அந்த மதிப்பைப் பகிரங்கமாக அறிவித்தது வெள்ளைக்கார அரசாங்கம். வந்தவர்கள் பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரிகள். பன்னிரண்டு வயதுப் பையன்கள் அல்லர்.

கேம் கம்பனியோ, எந்த பக்கெட்டில் எந்தத் தர வீரர் வர எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை 2018 இல்தான் வெளியிடத் தொடங்கியது. சிறந்த வீரர்களுக்கு நேரே ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றிருந்தது. இருநூறில் ஒன்றும் ஒரு சதவீதத்துக்குக் குறைவுதான் எனப்படும், பத்தாயிரத்தில் ஒன்றும் அப்படித்தான் எனப்படும். வித்தியாசம் லொத்தர் சீட்டு வாங்குபவருக்குத் தெரியும்.

2019 இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு முன் சாட்சியமளித்த கம்பனிப் பிரதிநிதி, இவற்றைச் சூதுப் பெட்டியாகப் பார்க்கக் கூடாது, பிள்ளைகள் வாங்கும் கிண்டர் முட்டை போன்ற 'ஆச்சரியம்' என்று விளக்கினார். கிண்டர் முட்டையில் சொக்லேட்டாவது நிச்சயம் இருக்கிறது.

சட்டங்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குழு 2018 இல் இது சூதாட்டமே என்றது; 2019 ஜனவரி இறுதியில் கம்பனி அந்நாட்டில் பொயின்ட்ஸ் விற்பனையை நிறுத்தியது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தார்கள். ஆனால் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம், பக்கெட் தனியான ஆட்டமல்ல, திறமையால் ஆடும் பெரிய விளையாட்டின் ஒரு பகுதி என்று கூறித் தண்டத்தை ரத்துச் செய்தது. பெல்ஜியத்தில் குற்றம், பக்கத்து நாட்டில் குற்றமில்லை. நீதிமன்றம் விட்டுவிட்டது என்பதால் மட்டும் ஒரு சரக்கு நமக்கு ஹலாலாகி விடுவதில்லை.

கம்பனி நினைத்தால் மாற்றிச் செய்ய முடியும் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. 2021 ஜூனில் அதே கேமில் 'முன்பார்வை பக்கெட்' ஒன்றைக் கொண்டு வந்தார்கள். உள்ளே இருப்பதை முதலில் பார்க்கலாம். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பொருளைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை என்று நம் சட்டம் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஆனால் பழைய மூடிய பக்கெட்டுகளையும் கைவிடவில்லை. இருட்டில் விற்பதில்தானே வரவு.

இனி வாங்கிய பொருளின் ஆயுளைப் பார்ப்போம். இந்த ஆண்டு காசு கட்டிச் சேர்த்த அணி அடுத்த ஆண்டுப் பதிப்புக்கு வராது. மறுபடி முழு விலை, மறுபடி வெறுங்கை. கூடைப்பந்தாட்ட கேமான என்.பி.ஏ. 2கே20 இன்னும் மோசம். 2019 ஓகஸ்டில் அதன் விளம்பரப் படத்தில் கசினோவிலுள்ள காசு இயந்திரத்தையும் சுழல் சக்கரத்தையும் வெட்கமில்லாமல் காட்டினார்கள். செப்டம்பரில் விற்பனைக்கு வந்த அந்த கேமின் சேர்வரை 2021 டிசம்பர் 31 ஆந் திகதி மூடிவிட்டார்கள். இணையத்தில் ஆடக் காசு கொட்டியவர்களின் கார்டுகள் அத்தோடு போயின. இரண்டேகால் வருடம். நம் கடையில் வாங்கிய கைக்கடிகாரம்கூட அதை விட நாள் ஓடும்.

வேலணைச் சகோதரருக்கு வருவோம். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. ஊர் மௌலவியிடம் மேலே சொன்ன விபரங்களோடு கேட்கும்படி சொன்னேன். வியாபாரியாக என் அபிப்பிராயம் இது: காசு கொடுக்கும்போதே இன்ன சட்டை, இன்ன மைதானம் என்று தெரிந்து வாங்குவது ஒரு வகை. மூடிய பக்கெட் வேறு வகை. சிக்கல் என்னவென்றால் கடைக்காரர் விற்பது பொயின்ட்ஸ். பையன் அதை எதில் போடுவான் என்பது கடைக்காரர் கையில் இல்லை. கேமைத் திறந்து பார்க்க வேண்டும். பொயின்ட்ஸ் பெரும்பாலும் பக்கெட்டுக்குத்தான் போகிறது என்றால் அந்தக் கமிஷனை நான் தொடமாட்டேன். மற்ற கேம்களுக்கும் பெற்றோர் வந்து கேட்டால் மட்டும், துண்டு எழுதிக் கொடுத்து விற்கலாம்.

வெளிநாட்டிலிருக்கும் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கேம் கணக்கில் உங்கள் கடனட்டை இலக்கம் ஒரு தடவை பதிந்துவிட்டால் அடுத்த தடவை அது உங்களைக் கேட்காமலேயே போகக்கூடும். பிளேஸ்டேஷனிலும் தொலைபேசியிலும் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடும், பிளேஸ்டேஷனில் பிள்ளையின் மாதச் செலவுக்கு வரம்பு வைக்கும் ஏற்பாடும் உண்டு. அவற்றை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். உதைபந்தாட்ட கேமின் புதிய பதிப்பு வழமையாக செப்டம்பர் கடைசியில் வரும். அட்டையை நீக்குவதென்றால் அதற்கு முன்னர் நீக்கிவிடுங்கள்.