பெயர் மாறிய தரகர்

ஒரகடம் பக்கம் நிலம் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது நிலத்தையல்ல, தரகரைத்தான்! வாடகைக்கு வீடு தேடுகிறவர் கதையும் அதுவே. ஆலையில் வேலை தேடி வருகிறவர் கதையும் அதுவே. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் என்று ஆலைகள் பெருகின. ஆலைகள் பெருகப் பெருக, நடுவில் நிற்பவர்களும் பெருகினர். அவர்களுக்கு வழங்கும் பெயர்களும் பெருகின.

அந்தப் பெயர்களைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். சொல்லாராய்ச்சி புலவர்களுக்கல்லவா, தொழிலாளிக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். தொழிலாளிக்குத்தான் அது மிகவும் தேவை. ஏன் என்று சொல்கிறோம்.

தரகர் என்பது பழைய சொல். தரகு வாங்குகிறவர் தரகர். ஒளிவு மறைவு இல்லாத பெயர். மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். விலை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தரகர் யார் என்பது சந்தைக்கே தெரியும்! வாங்கிய மாடு ஏரில் படுத்துவிட்டால், அடுத்த சந்தையில் அவர் துண்டைப் பிடித்து நிறுத்தி நியாயம் கேட்கலாம்.

வெள்ளைக்காரன் வந்தான், துபாஷி தோன்றினார். இரண்டு மொழி அறிந்தவர் என்பது பொருள். புதுச்சேரியில் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பது விளங்கும்.

அடுத்து வந்தவர் கங்காணி. கண்காணிப்பவர் என்பதிலிருந்து பிறந்த பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்தவர் இவர். பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சொந்தச் சாதிக்காரர், சில வேளை சொந்த மாமன்! முன்பணம் கொடுப்பார், கூடவே வருவார், வேலைத்தலத்தில் தலைக்கு மேல் நிற்பார். இலங்கையில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை பேருக்குத் தலைக்காசு அவருக்குக் கிடைத்தது. அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டும் இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டும் தோட்டத்துக்கு ஆளை விடுவோம் என்று சொல்லும் சீட்டு. கடனை விற்றார்கள்; கடனோடு மனிதனும் கைமாறினான்! அந்தத் துண்டு 1921-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவுக்கு ஆள் சேர்ப்பதும் 1938-ல் இந்திய அரசின் தடையால் நின்றது.

கங்காணி போய்விட்டாரா? பெயர் போய்விட்டது.

இன்று அவர் ஏஜெண்டு, காண்டிராக்டர், கன்சல்டன்சி, வெண்டர், 'மேன்பவர் சப்ளை'. மணல் சப்ளை, தண்ணீர் சப்ளை, ஆள் சப்ளை! தரகர் என்றால் தரகு நினைவுக்கு வரும். கங்காணி என்றால் கண்காணிப்பு நினைவுக்கு வரும். வெண்டர் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது? ஒன்றுமில்லை. அதுதான் அந்தப் பெயரின் சிறப்பு!

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். ஐபோன் செய்த கைகள் அவை. ஆனால் அவர்களை வேலைக்கு எடுத்தவர் ஒப்பந்தக்காரர். விடுதியும் ஒப்பந்தக்காரர் கையில். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் சாலையைத்தான் கேட்டார்கள்!

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. அதே ஆலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகள் மணமான பெண்களைத் தள்ளிவைக்கிறார்கள் என்பது செய்தி. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. சில மாதங்களில் அதே ராய்ட்டர்ஸ் இன்னொன்றும் சொல்லிற்று: மணமானவரா என்பதை விளம்பரத்தில் எழுதாதீர்கள் என்று ஏஜெண்டுகளுக்கு உத்தரவாம், கம்பெனியின் பெயரையும் போடாதீர்களாம்!

இதையும் கவனியுங்கள். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டவற்றில் முதன்மையானது சங்க அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று, அந்தப் பெயரோடு!

ஓர் ஆலையில் ஆள் பிடிப்பவர் கம்பெனிப் பெயரைச் சொல்லக் கூடாது. இன்னோர் ஆலையில் ஆளாய் உழைப்பவர் கம்பெனிப் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது. பெயரைச் சொன்னால் பொறுப்பு வந்து சேரும் என்ற அச்சம்தானே இது?

சங்கத் தலைவரும் நடுவில் நிற்பவர்தானே என்று சிலர் கேட்கிறார்கள். நிற்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவரை நிறுத்தியவர் தொழிலாளி. சரியில்லை என்றால் மாற்றுகிறவரும் தொழிலாளி. ஒப்பந்தக்காரரைத் தொழிலாளி தேர்ந்தெடுத்தாரா? மாற்றத்தான் முடியுமா? ஒருவர் பிரதிநிதி, மற்றவர் தரகர். இரண்டும் ஒன்றல்ல.

1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் முறைப்படுத்தல், ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால், வேலை வாங்கும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். 2025 நவம்பர் 21-ல் அதன் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூலிப் பொறுப்பு அதிலும் இருக்கிறது. ஆனால் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்திய விதிகள், இனி 50 பேர் இருந்தால்தான் பொருந்தும். பெயரிலேயே 'ஒழிப்பு' என்று வைத்திருந்த சட்டம் ஒழிந்தது. ஒப்பந்த முறை ஒழியவில்லை!

நாம் கேட்பது பெரிதல்ல. நடுவில் ஆளே கூடாது என்று சொல்லவில்லை. புது ஊருக்கு வரும் பெண்ணுக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டியிருக்கலாம். வேலை யாருக்கு, கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு — இவை சம்பளச் சீட்டில் தமிழில் இருக்கட்டும். முதலாளியின் பெயர் அதன் தலையில் இருக்கட்டும்.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். குரு காதோடு காதாகச் சொன்ன மந்திரத்தை, அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்னார் என்பது வழிவழி வந்த வரலாறு. அந்த ஊர் ஆலைகளில் ஒரு கூலிக் கணக்கையாவது ஊரறியச் சொல்லக் கூடாதா? கையின் மேல் கிடக்கும் துண்டை எடுங்கள் என்கிறோம்; அவ்வளவுதான்!