கோதுமை அப்பத்தில் மெய்ப்பிரசன்னம்

தத்துவபோதகர் என்று தமிழகம் அறிந்த இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு, சேந்தமங்கலம் வழியாக 1623-ஆம் ஆண்டில் சேலம் வந்து சேர்ந்த காலந்தொட்டு இவ்வட்டாரத்தில் வேரூன்றிய கத்தோலிக்க சமயத்திற்கு, காக்காவேரி போன்ற சிற்றூர்க் கோவிலாயினும் சேலம் குழந்தை இயேசு பேராலயமாயினும், உயிர்நிலையாக விளங்குவது திவ்விய நற்கருணையே.

பூசையில் குருவானவர், கடைசி இராப்போஜனத்தில் இயேசு மொழிந்த வாக்கியங்களை உச்சரித்து அப்பத்தை உயர்த்த, மணி ஒலிக்க, சபையார் முழந்தாளிடுகின்றனர். நிறமும் சுவையும் மணமும் முன்போலவே நிற்க, அப்பத்தை அப்பமாக்கும் உட்பொருள் முற்றிலும் மாறி, கிறிஸ்து தம் சரீரத்தோடும் இரத்தத்தோடும் ஆத்துமத்தோடும் தேவத்துவத்தோடும் அங்கே மெய்யாகவே பிரசன்னமாகிறார் என்பது திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் வரையறுத்த போதனை. புலன்கள் இங்கே ஏமாற்றப்படவில்லை. அவை காண்பது உண்மையான தோற்றமே, ஆனால் உட்பொருள் இன்னதென்று சொல்லும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

சேலத்தில் இலண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்டு அமைப்பின் வழிவந்து, இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்திருப்பவர்கள் இம்மாற்றத்தை ஏற்பதில்லை. அதனால் அவர்தம் பந்தியின் பக்தியைக் குறைவாக மதிப்பது நியாயமாகாது. எனினும் கத்தோலிக்கர் கருத்தில், நற்கருணை வெறும் ஞாபகச் சின்னமேயாயின், பூசை முடிந்தபின்னும் நற்கருணை வைத்திருக்கும் பேழைக்கு அருகே அணையாவிளக்கு எரிவதற்குக் காரணமே இல்லை.

மரவள்ளியும் சோளமும் விளைந்து, ஜவ்வரிசி ஆலைகள் மலிந்த இச்சமவெளியில் கோதுமை அயல் தானியமே. ஆயினும் கலப்பற்ற கோதுமை அப்பமும் திராட்சையினின்று வடித்த இரசமுமன்றி வேறெதையும் திருச்சபைச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஏனெனில் கிறிஸ்து கையில் எடுத்ததை நாம் மாற்றலாகாது என்பது அதன் துணிபு. அப்பத்தைப் பிட்டாலும் கிறிஸ்து பிளவுபடுவதில்லை. ஒவ்வொரு துணுக்கிலும் முழுமையாகவே இருக்கிறார். ஆகையால் நற்கருணை வழங்கிய குரு, தட்டில் ஒட்டிய துகளையும் விரலால் தடவிப் பாத்திரத்தில் சேர்த்து, நீர் ஊற்றி அலசி, அந்நீரையும் தாமே பருகுகிறார். அப்பத்தின் தோற்றம் கரைந்து மறையும்வரை அப்பிரசன்னம் நீடிக்கும் என்பது போதனையாதலால், இவ்வளவு கவனமும் அவசியமாகிறது.

இத்துணை ஆழமான மறைபொருளைச் சிறுவர்கள் எங்ஙனம் அறிவர் என்ற ஐயம் நெடுங்காலம் நிலவி, புதுநன்மை என்னும் முதல் நற்கருணை பன்னிரண்டு, பதினான்கு வயதுவரை தள்ளிப்போயிற்று. 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அதை ஏறத்தாழ ஏழு வயதுக்குக் கொண்டுவந்தார். விசுவாசத்தின் முக்கிய சத்தியங்களைத் தன் வயதுக்கேற்ப அறிந்து, வீட்டில் உண்ணும் அப்பத்தினின்று இவ்வப்பத்தைப் பிரித்தறியும் பிள்ளைக்கு அதுவே போதுமென்றார்.