மூவாயிரம் பேரும் ஒரு காப்பியும்

சென்ற பொங்கலுக்கு நம் சங்க விழாவில் பந்திக்குக் காத்திருந்த நேரம். ஒரு பெண் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரோட்டுக் குடும்பம், மைசூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை.

"அங்கிள், பேஸ்புக்கில் அக்ரஹாரத்துக் கதையெல்லாம் எழுதறது நீங்கதானே? உங்களுக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல, "3,140" என்றேன்.

"அதில் படிக்கிறவங்க எத்தனை பேர்?"

நல்ல வேளை, இலை போட்டுவிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். ஆனால் பாயசம் வரைக்கும் அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றது. அவளும் கவிதை எழுதுகிறவள் என்பதும், கேலிக்காகக் கேட்கவில்லை, வழி தெரியத்தான் கேட்டாள் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்குச் சொல்லாத பதிலை நம் மலரில் எழுதும்படி ஆசிரியர் சொன்னார். எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கத்தை விட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் பாங்கிலிருந்து ஓய்வு பெற்றது 2016-ல். பொழுது போகவில்லை. மருமான் ஒரு விடுமுறைக்கு வந்தபோது பேஸ்புக்கில் பக்கம் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அக்ரஹாரத்தில் வளர்ந்தவனுக்கு எழுத விஷயமா இல்லை? ஓட்டு வீடுகள், திண்ணைகள், வாணி விலாஸ் மார்க்கெட்டில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகள். முதல் கட்டுரையை மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். 11 லைக் விழுந்தது. அதில் 7 எங்கள் வீட்டார்.

மறுவாரம் தைப்பூசம். யாரோ அனுப்பிய முருகன் படத்தைப் போட்டு, "அனைவருக்கும் வாழ்த்துகள்" என்று ஒரு வரி எழுதினேன். 214 லைக்! மூன்று நாள் உழைப்புக்கு 11. அரை நிமிஷ உழைப்புக்கு 214. நீங்களாக இருந்தால் அடுத்த வாரம் என்ன செய்திருப்பீர்கள்? நானும் அதையேதான் செய்தேன். காலை வணக்கம், ஆடி வெள்ளி, யாரோ சொன்ன பொன்மொழி. எண்ணிக்கை ஏறிற்று.

பிறகு ஒரு கொடுக்கல் வாங்கலில் சேர்ந்தேன். நீங்கள் என்னைப் பின்தொடருங்கள், நான் உங்களைப் பின்தொடர்கிறேன் என்பது ஏற்பாடு. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு மொய் எழுதி வைத்துக்கொள்வார்களே, அதேதான். நான் அவர்கள் எழுதியதைப் படிக்கவில்லை. அவர்களும் என்னைப் படிக்கவில்லை. இரு தரப்பிலும் பாக்கி இல்லை.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் போனில் ஒருவர் வந்தார். ரூ. 1,500 கட்டினால் ஒரே வாரத்தில் 2,000 பேர் என்றார். நாற்பது வருஷம் பாங்கில் பிறர் பணத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவன், கட்டினேன். வந்தார்கள். பெயர்களைப் பார்த்தால் துருக்கியா பிரேசிலா தெரியவில்லை. அக்ரஹாரத்துப் புளியோதரையைப் பற்றி அவர்களுக்கு என்ன அக்கறை? ஒரு மாதத்துக்குள் பாதிப் பேர் மறைந்தும் போனார்கள். பணம் கட்டிய விஷயம் வீட்டில் தெரிந்தபோது என் மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. காப்பியை எதிரே வைத்துவிட்டு, "இத்தனை பேர் உங்க பின்னாடி வராளே, ஒருத்தராவது காப்பிக்கு வந்திருக்காளா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த வியாபாரத்தில் ஏமாந்தவன் நான் மட்டுமல்ல. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் பொய்க் கணக்குகளைத் துடைத்தபோது, அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தே ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் பேர் காணாமல் போனார்கள். பின்தொடர்வோரை விலைக்கு விற்ற ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கதையை 2018-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விரிவாக அம்பலப்படுத்தியது. வாங்கியவர்களில் பெரிய பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அதைப் படித்து எனக்கு அற்ப ஆறுதல்.

நஷ்டம் ரூபாயோடு போகவில்லை. நாம் எழுதுவதை இந்த யந்திரம் எல்லாருக்கும் காட்டுவதில்லை. படிக்கிறார்களா, பதில் எழுதுகிறார்களா என்று பார்த்து, அதற்கேற்பத்தான் மேலும் பலருக்குக் காட்டுகிறது. வாடகைக் கூட்டம் வாயைத் திறக்காது. ஆகவே நிஜமாகப் படிக்கக்கூடியவருக்கும் என் எழுத்து போய்ச் சேருவது குறைந்தது. நானே காசு கொடுத்து என் வாசலை அடைத்துக்கொண்டேன்.

இந்த மனவருத்தத்தில் ஒரு மாலை லக்ஷ்மிபுரம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அக்ரஹாரத்திலிருந்து நடந்தே போகிற தூரம். ஆர். கே. நாராயணின் குடும்பம் வெகு காலம் குடியிருந்த பேட்டை அது. புரசைவாக்கத்துப் பிள்ளை, அப்பா மைசூரில் தலைமையாசிரியர், எழுதியது ஆங்கிலம். வாசகர்களுக்கு இந்த மனிதர் எங்கே போனார் என்ற கேள்வி அன்றுதான் எனக்கு உதித்தது. வீட்டுக்கு வந்ததும் அவருடைய சுயசரிதையான 'மை டேஸ்' நூலைத் தேடி எடுத்தேன்.

முதல் வருஷம் எழுத்தில் அவருக்கு வந்த வருமானம் 9 ரூபாய் 12 அணா. ஒரு புத்தக மதிப்புரைக்கு. இரண்டாம் வருஷம் ஒரு சிறுகதைக்கு 18 ரூபாய். முதல் நாவலை லண்டன் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவிடம் கைப்பிரதி இருந்தது. கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று நாராயணே எழுதிவிட்டார். பூர்ணா போடவில்லை. கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் படித்தார், பதிப்பாளரிடம் சொன்னார். 1935-ல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வெளிவந்தது.

அத்தோடு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மதிப்புரைகள் நன்றாக இருந்தன, புத்தகம் விற்கவில்லை. 1937-ல் இரண்டாவது நாவல் வேறொரு பதிப்பாளரிடம். 1938-ல் மூன்றாவது இன்னொருவரிடம். மூன்று நாவலுக்கு மூன்று பதிப்பாளர்கள் என்றால் விற்பனை எப்படி என்று ஊகித்துக்கொள்ளலாம். 1939-ல் மனைவி ராஜம் டைபாய்டில் காலமானார். அந்தத் துயரத்திலிருந்து எழுந்து வந்தவர், அடுத்த ஓரிரு வருஷங்களில் மைசூரிலிருந்தே 'இந்தியன் தாட்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்.

என் கதைக்கு வேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய மாமா ஒருவர் சென்னையில் மோட்டார் கார் விற்பனையாளர். கார் விற்கிறவருக்குச் சந்தா விற்பது ஒரு பெரிய காரியமா? சென்னை நகரத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்களைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்! என்னுடைய துருக்கிக் கூட்டம் மாதிரி இல்லை. நிஜ மனிதர்கள், நிஜப் பணம். இருந்தும் பத்திரிகை ஒரு வருஷம்கூட ஓடவில்லை. காரணம் சந்தாதாரர்கள் அல்ல. அதைக் கட்டி இழுக்கும் சாமர்த்தியம் நாராயணுக்கு இல்லை. சேர்ப்பது ஒரு வித்தை. சேர்ந்தவருக்கு இதழ் தவறாமல் ஏதாவது கொடுப்பது வேறு வித்தை. முதலாவதை மாமாவிடம் ஒப்படைக்கலாம். இரண்டாவதை எந்த மாமாவிடம் ஒப்படைப்பது?

பத்திரிகை போயிற்று, பெயர் போகவில்லை. யுத்தத்தினால் இங்கிலாந்துத் தொடர்பு அறுந்திருந்த சமயத்தில், அதே பெயரில் பதிப்பகம் தொடங்கித் தம் புத்தகங்களைத் தாமே போட்டார். அது நிலைத்தது. வாசகர்கள் மெள்ள மெள்ளச் சேர்ந்தார்கள். யாதவகிரியில் சொந்த வீடு 1953-ல்தான் கட்டி முடிந்தது. (2016 முதல் அது நினைவு இல்லம். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களை அரண்மனைக்கும் சாமுண்டி மலைக்கும் அழைத்துப் போகிறோம், அங்கே அழைத்துப் போவதில்லை. இது என் குறை.)

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று. கிரஹாம் கிரீனை நாராயண் முதன்முதலாக நேரில் சந்தித்தது 1956-ல். புத்தகம் வந்தது 1935-ல். இடையில் 21 வருஷம் கடிதம் மட்டும். அந்த ஒரு வாசகரும், தேம்ஸில் போடாத அந்த ஒரு நண்பரும் இல்லையென்றால் மால்குடி இல்லை.

வாசகரைத் தேடி இதைவிடவும் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. கன்னட நாவலின் முன்னோடிகளில் ஒருவரான களகநாதர், தம் புத்தகங்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். நம் சி. சு. செல்லப்பாவும் அப்படித்தான்; 1959 முதல் 1970 வரை 'எழுத்து' 119 இதழ்கள் நடத்தினார், புத்தக மூட்டையோடு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். 2008-ல் அமெரிக்கர் கெவின் கெல்லி, ஒரு கலைஞன் பிழைக்க ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தலைக்கு வருஷம் 100 டாலர் என்பது அவர் கணக்கு. தமிழில் அந்தக் கணக்கு பலிக்காது. தலைக்கு நூறு ரூபாய் தேறினாலே நான் சத்திய நாராயண பூஜை செய்துவிடுவேன்.

சரி, நான் என்ன செய்தேன்? ஒரு மாதம் எதுவுமே எழுதாமல் இருந்தேன். யார் தேடுகிறார்கள் பார்க்கலாம் என்ற எண்ணம். 3,140 பேரில் நாலு பேர் தேடினார்கள். ஒருவர் என் பழைய பாங்க் நண்பர். இரண்டாமவர் மும்பையில், தாராவியில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். மூன்றாமவர் கோலாலம்பூரில் இருக்கும் ஒரு பையன். தாத்தாவுக்குப் படித்துக் காட்டுகிறானாம். நான்காமவர் பத்ராவதியில் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் நலம் விசாரிக்கவில்லை. "சார், மூன்று மாதத்துக்கு முன் பத்ராவதி இரும்பு ஆலை 1918-ல் உற்பத்தி தொடங்கியதாக எழுதியிருந்தீர்கள். 1923 ஜனவரி. எங்கள் அப்பா அங்கே வேலை பார்த்தவர். இன்னும் திருத்தவில்லையே?" என்று எழுதியிருந்தார்.

மூன்று மாதம்! என் தப்பு ஒன்றை ஒரு மனுஷி மூன்று மாதம் ஞாபகம் வைத்திருக்கிறார். 214 லைக் வந்த நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து அந்த நாலு பெயரை எழுதினேன். முருகன் படங்களை நிறுத்தினேன். முருகன் கோபிக்க மாட்டார், அவருக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். யாராவது இரண்டு வரி எழுதினால் அன்றைக்கே நாலு வரி பதில் எழுதுகிறேன். அவர்கள் எழுதுவதை நிஜமாகவே படிக்கிறேன். நேரம் பிடிக்கத்தான் செய்கிறது.

இன்னொரு வாசகரை என் தெருவிலேயே கண்டுபிடித்தேன். எதிர் வீட்டு மாமி மண்டயம் ஐயங்கார். நமக்குத் தெரிந்ததுதான், இங்குள்ள அந்தக் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு தமிழ், எழுத்து கன்னடம். நம் வீட்டுப் பேரக்குழந்தைகளும் இப்போது அதே வழியில்தான் போகிறார்கள். தமிழ் காதில் ஏறுகிறது, கண்ணில் ஏறவில்லை. "அந்தப் பழைய தெருவைப் பத்தி எழுதியிருக்கேளாமே, எனக்கு அந்த எழுத்து வராதே" என்றார் மாமி. வாசலில் நின்றபடியே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, திண்ணை இருந்தது இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுரையையும் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறேன். மாமி கேட்கிறார். புனேயில் இருக்கும் என் பேத்தியும் கேட்கிறாள். புரியாத வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்கிறாள்.

இப்போது நோட்டுப் புத்தகத்தில் 62 பெயர்கள். சென்ற மாதம் கட்டுரைகளைச் சிறு புத்தகமாக அச்சடித்தபோது 41 பேர் பணம் அனுப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த மூவாயிரத்துச் சொச்சத்துக்கும் அறிவிப்பு போட்டிருந்தேன்; அங்கிருந்து ஒரு வணக்கம் கும்பிடு வந்தது. தாராவிக்காரர் ஒரு வேலையாகப் பெங்களூர் வந்தவர், ரயிலேறி மைசூருக்கும் வந்துவிட்டார். என் மனைவி கேட்ட காப்பிக் கணக்கு அன்று நேராயிற்று. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஈரோட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுடைய கவிதைகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஒன்று நன்றாக இருந்தது. மற்றதில் 'நிலா' அதிகம். அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை, கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நிலா இல்லாத ஒரு கவிதை வந்தது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தக் கட்டுரையைப் பத்ராவதி டீச்சருக்கு அனுப்பினேன். இரண்டு திருத்தம் எழுதியிருந்தார். ஓரிடத்தில் ஒற்று மிகாது, எடுத்துவிட்டேன். இரண்டாவது, "அந்த 1,500 ரூபாய் விஷயம் வேண்டாமே சார், சங்கத்தில் நாலு பேர் சிரிப்பார்கள்" என்பது. அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.