அட்டைப்பெட்டியில் 9000 லூமென்ஸ், சுவரில் எத்தனை?

சிறிய புரொஜெக்டர் இப்போது 5,000 ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. பெரிய டிவி வாங்க வசதியில்லாத வீட்டிலும் பிள்ளைகள் விடுமுறை இரவில் சுவர் நிறையப் படம் பார்க்கலாம். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி உறவினர்களோடு கிரிக்கெட் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் 15,000 ரூபாய்க்குக் கீழே விற்கும் புரொஜெக்டர்கள் பலவற்றில், பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்கள் உண்மையல்ல. வாங்கியவருக்கு முதல் இரவிலேயே அது தெரிந்துவிடுகிறது. தெரிந்தும், "இந்த விலைக்கு இவ்வளவுதான்" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பரணில் போட்டுவிடுகிறார். அப்படிப் போட வேண்டியதில்லை. பெட்டியில் அச்சிட்ட எண், பணம் வாங்குவதற்காகக் கொடுத்த வாக்கு. அது பொய்யானால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நமக்குச் சட்டப்படியே உண்டு.

முதலில் வெளிச்சம். பெரிய பொய் அங்கேதான். லூமென்ஸ் என்பது ஒளியின் அளவு. அதை எங்கே வைத்து அளந்தார்கள் என்பதே கேள்வி. உள்ளே இருக்கும் எல்இடி விளக்கின் எதிரிலேயே அளந்தால் ஓர் எண் வரும், லென்சைத் தாண்டித் திரையில் விழுவதை அளந்தால் வேறோர் எண் வரும். திரையை 9 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அளந்து, சராசரி எடுத்துச் சொல்வதற்குப் பெயர் ஆன்சி லூமென்ஸ். ஐஎஸ்ஓ 21118 என்ற சர்வதேசத் தரநிலையும் திரையில் விழும் ஒளியைத்தான் கணக்கில் எடுக்கிறது. பெட்டியில் வெறுமனே "லூமென்ஸ்" என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

9000 லூமென்ஸ் பொய் என்று காட்ட ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை. அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 12 வோல்ட், 4 ஆம்பியர் என்று இருந்தால் அது தரக்கூடிய மின்சாரம் 48 வாட். இன்று புழக்கத்தில் உள்ள வெள்ளை எல்இடிகள் ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென்ஸ்வரை தருகின்றன. விசிறிக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு வாட்கூடப் போகாமல் அத்தனையும் விளக்குக்கே போனாலும் 7,200 லூமென்ஸைத் தாண்டாது. அந்த ஒளியும் அப்படியே வெளியே வருவதில்லை. மலிவு விலைப் புரொஜெக்டரின் எல்சிடி பலகையில் உள்ள போலரைசர் படலம் பாதி ஒளியைத் தின்றுவிடும், நிற வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும், அதன் பிறகு லென்சின் பங்கு. கடைசியில் சுவரில் விழுவது பெரும்பாலும் 100 முதல் 300 ஆன்சி லூமென்ஸ்தான். இந்த ஏமாற்று நம் நாட்டோடு நிற்கவில்லை. புரொஜெக்டர் தயாரிக்கும் எப்சன் நிறுவனம், லூமென்ஸைப் பெருக்கிச் சொல்கிறார்கள் என்று மலிவு விலை விற்பனையாளர்கள் பலர்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்திருக்கிறது.

150 ஆன்சி லூமென்ஸ் என்றால் உதவாத பொருள் என்று அர்த்தமில்லை. 60 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 1 சதுர மீட்டர். அதில் 150 லூமென்ஸ் விழுந்தால் கிடைக்கும் பிரகாசம் 48 நிட்ஸ். டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுத்திருக்கும் அளவும் அதேதான். அதாவது இருட்டறையில், 60 அங்குலத்தில், தியேட்டர் தரத்தில் வெளிச்சம் கிடைக்கும். அதே ஒளியை 100 அங்குலத்துக்கு விரித்தால் 17 நிட்ஸ் ஆகிவிடும். விளம்பரத்தில் வரும் 200 அங்குலத்துக்கு விரித்தால் 4 நிட்ஸ் சொச்சம். யார் முகம் என்று தேட வேண்டியிருக்கும்.

மொட்டை மாடியில் இன்னொரு சிக்கல், தெருவிளக்கு. அதிலிருந்து 10 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்ஸ்) வெளிச்சம் திரைமேல் விழுகிறது என்று வையுங்கள். 100 அங்குலத்துக்கு விரித்த 150 லூமென்ஸ் புரொஜெக்டர் தருவதே 54 லக்ஸ்தான். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகத் தெரியும், இரவுக் காட்சி மொத்தமாகக் கரைந்துபோகும். தெருவிளக்குக்கு முதுகைக் காட்டித் திரையைக் கட்டுங்கள், பொழுது நன்றாக இருட்டிய பிறகு தொடங்குங்கள், 70, 80 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பகலில் கூடத்தில் பார்க்கத்தான் வேண்டும் என்றால் இந்த விலையில் புரொஜெக்டர் வேண்டாம், அதே பணத்துக்குக் கிடைக்கும் 32 அங்குல டிவியே மேல்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அறையை இருட்டாக்கி, வெறும் வெள்ளைப் படத்தை ஓடவிட்டு, செல்போனில் லக்ஸ் மீட்டர் செயலியைத் திறந்து 9 கட்டங்களிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சராசரி லக்ஸைத் திரையின் சதுர மீட்டரால் பெருக்கினால் லூமென்ஸ். செல்போன் அளவு துல்லியமாக இருக்காது. ஆனால் சொன்னது 9000, வந்தது 180 என்ற பள்ளத்தைக் காட்ட அந்தத் துல்லியமே அதிகம்.

அடுத்தது ரெசல்யூஷன். "1080பி சப்போர்ட்" என்றால் அந்த அளவுள்ள வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். திரையில் காட்டும் புள்ளிகள் எத்தனை என்பதை "நேட்டிவ் ரெசல்யூஷன்" என்ற வரிதான் சொல்லும். அது 854×480 என்றால் சுமார் 4 லட்சம் புள்ளிகள். 1920×1080 என்றால் 20 லட்சத்துக்கும் மேல். தமிழ் சப்டைட்டில் ஓடவிட்டுப் பாருங்கள்: 480இல் ண, ன இரண்டின் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். புரொஜெக்டரைப் பக்கவாட்டில் வைத்து கீஸ்டோன் மூலம் படத்தை நேராக்கினால், இருக்கும் புள்ளிகளிலும் ஒரு பகுதி வீணாகும். நேர் எதிரே வைப்பதே சரி. 100 அங்குலத்துக்குப் பெரும்பாலான மாடல்கள் 3 மீட்டரை ஒட்டிய தூரம் கேட்கும். 10 அடி அறையில் அதற்கே சுவருக்குச் சுவர் போய்விடும்.

ஆண்ட்ராய்டு ஓடும் புரொஜெக்டர்களில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் இருக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, "பேட்பாக்ஸ் 2.0" என்ற தீய மென்பொருள் வலைப்பின்னல் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அது தாக்கிய கருவிகளின் பட்டியலில் டிவி பெட்டிகளோடு டிஜிட்டல் புரொஜெக்டர்களும் இருந்தன. சில கருவிகளில் விற்பனைக்கு வரும் முன்பே தீய மென்பொருள் புகுத்தப்பட்டிருந்தது; சிலவற்றில் முதல் முறை இயக்கும்போது இறக்கும் செயலிகள் வழியாக அது நுழைந்தது. உள்ளே வந்ததும் நம் வீட்டு இணைய இணைப்பைக் குற்றவாளிகள் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்குகிறார்கள். "ப்ளே ப்ரொடெக்டை அணைத்துவிடுங்கள்" என்று கேட்கும் கருவியையும், பெயர் தெரியாத ஆப் ஸ்டோரை முன்கூட்டியே வைத்திருக்கும் கருவியையும், எல்லா ஓடிடியும் இலவசம் என்று விற்கும் கருவியையும் வாங்காதீர்கள். கூகுள் சான்று இல்லாத புரொஜெக்டரில் உங்கள் முதன்மை ஜிமெயில் கணக்கைத் திறக்கவே வேண்டாம். நல்ல நிறுவனத்தின் டிவி ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐயில் செருகி, புரொஜெக்டரை இணையத்தோடு சேர்க்காமலே பயன்படுத்துவது பாதுகாப்பு. உரிமம் பெறாத கருவிகளில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை திறக்காமலோ, திறந்தாலும் குறைந்த தரத்திலோ வரும் தொல்லையும் அதோடு தீரும்.

மின் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அடாப்டரிலும் லித்தியம் பேட்டரியிலும் பிஐஎஸ் பதிவு கட்டாயம். "ஆர்" என்று தொடங்கி 8 இலக்கம் உள்ள அந்த எண்ணை "பிஐஎஸ் கேர்" செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். எண்ணே இல்லையென்றாலும், வேறு நிறுவனத்தின் பெயர் வந்தாலும், அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுங்கள். மாடிக்கு இழுக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. எரியும் லென்சுக்குள் குழந்தைகள் எட்டிப் பார்க்காதபடி புரொஜெக்டரை உயரத்தில் வையுங்கள்.

குடும்பத்தோடும் நண்பர்களோடும் மாடியில் பார்ப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். தெருவில் நாற்காலி போட்டு ஊருக்கே படம் காட்டினால் கதை வேறு. டிக்கெட் வாங்காவிட்டாலும் அது பொதுமக்களுக்குக் காட்டுவதுதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி தேவை. ஓடிடி சந்தாவும் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே. பொது இடத்தில் படம் திரையிடுவதற்குத் தமிழ்நாடு சினிமா (ஒழுங்குமுறை) சட்டம், 1955 உரிமம் கேட்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது; குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி வரம்பு 45 டெசிபல். கோயில் திருவிழாவுக்கோ ஊர்ப் பொதுவிழாவுக்கோ திரை கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அனுமதி வாங்கிவிட்டே தொடங்க வேண்டும். காவல் துறை வந்து நிறுத்தும்போது அவமானப்படுவது ஊர்ப் பிள்ளைகள்தான்.

இனி, ஏமாந்தால் என்ன செய்வது. இதற்கான வேலை வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. பொருள் பக்கத்தை, லூமென்ஸ், ரெசல்யூஷன் வரிகளோடு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாள் அந்த வரி மாறியிருக்கலாம். பெட்டியைப் பிரிப்பதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில், "பில் வேண்டாம்னா 500 ரூபாய் குறைச்சுக்கலாம்" என்பார்கள். அந்த 500 ரூபாயோடு வாரண்டியும் வழக்கும் போய்விடும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, எம்ஆர்பி, புகார் எண் ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. இல்லையென்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம், எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது அவர்கள்தான்.

"மாற்றித் தருவோம், பணம் திரும்பத் தர மாட்டோம்" என்று விற்பனையாளர் சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. நேரடிக் கடையிலும் இதே பாதுகாப்பு உண்டு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறப் பில்லில் கால வரம்பு குறிக்கவில்லையென்றால் 30 நாள் என்று வைத்து, அதற்குள் மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற ரப்பர் முத்திரை அந்தச் சட்டத்துக்கு மேல் இல்லை.

புகாரை முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "படம் மங்கல்" என்று எழுதினால் பதில் வராது. பெட்டியில் சொன்ன லூமென்ஸ், அடாப்டரின் வாட், நீங்கள் அளந்த எண், நேட்டிவ் ரெசல்யூஷன் நான்கையும் படங்களோடு எழுதி, "விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை, முழுத் தொகையும் வேண்டும்" என்று கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிகின்றன, கட்டணமும் இல்லை. பலரையும் ஏமாற்றும் விளம்பரம் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

கடைசி வாசல், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், 2025 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவு செய்யலாம். எதிர்த்தரப்பு உங்கள் அளவீட்டை மறுத்தால், பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடம் கேளுங்கள். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வுக்குத் தேவைப்படும் என்பதால் புரொஜெக்டரையும் அடாப்டரையும் பெட்டியையும் வழக்கு முடியும்வரை தூக்கிப் போடாமல் வையுங்கள். வழக்குப் போட உங்களுக்கு 2 ஆண்டு அவகாசம்.