நாய்க்குட்டி படுக்கையைக் கிழிப்பது ஏன்? நிறுத்துவது எப்படி?



நம்ம தவளக்குப்பத்தில் நாய் இல்லாத தெரு கிடையாது. நாய்க்குப் படுக்கை என்றால் ஒரு பழைய சாக்கு, இல்லாவிட்டால் பாட்டியின் பழைய சேலை. காலையில் எழுந்து பார்த்தால் அது நார் நாராகக் கிடக்கும். உடனே "திமிரைப் பாரு" என்று ஒரு அடி விழும். மறுபடியும் கிழித்தால் "இதுக்கு வெறி புடிச்சிடுச்சி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எங்க தெருவில் ஒரு வீட்டில் நாலு மாசக் குட்டியை இப்படிச் சொல்லித்தான் கடலூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்தாங்க. பஸ்ஸும் லாரியும் ஓடுற ரோட்டில் அந்தக் குட்டி என்ன செய்யும்? ஒரு சாக்குக்காக ஒரு உயிர் போகலாமா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

கிழிப்பதற்கு என்ன காரணம்?

1. பல் முளைப்பது: நமக்குப் போலவே நாய்க்கும் பால் பல் உண்டு. மொத்தம் 28. ஏறக்குறைய நாலாவது மாசத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாசத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடும். அந்தச் சமயத்தில் ஈறு வலிக்கும், ஊறும். எதையாவது கடித்தால் அதுக்கு இதமாக இருக்கும். பக்கத்தில் இருப்பது சாக்குதானே!

2. வாசனை: நமக்கு அது காலிச் சாக்கு. நாய் மூக்குக்கு அப்படி இல்லை. தவிடு இருந்த சாக்கிலும், நல்லவாட்டுப் பக்கமிருந்து கருவாடு வந்த சாக்கிலும் வாசனை போகவே போகாது. உள்ளே தீனி இருக்கிறது என்று நினைத்துப் பிரித்துப் பார்க்கிறது.

3. தனிமை: எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுகிறோம். நாய் மட்டும் சாயங்காலம் வரை ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும். ஓட முடியாது, விளையாட ஆள் இல்லை. பொழுது போக வாய்தான் இருக்கிறது.

4. சூடும் பூச்சியும்: நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. உள்ளங்காலில்தான் கொஞ்சம் வேர்க்கும். நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் மொத்தச் சாக்கு மேலே படுக்கச் சொன்னால் அது இழுத்துத்தான் போடும். சாக்கில் தெள்ளுப்பூச்சியோ உண்ணியோ இருந்தாலும் இப்படிச் செய்யும்.

5. சினை: நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டி போடும் நாள் நெருங்கினால் தாய் நாய் துணியைச் சுரண்டி, கிழித்து இடம் தயார் பண்ணும். அதைத் தடுக்கவே கூடாது. கூடுதலாகப் பழைய துணி போடுவதுதான் சரி.

அடித்தால் நிற்குமா?

நிற்காது. ராத்திரி கிழித்ததுக்குக் காலையில் அடித்தால், எதுக்கு அடி என்று நாய்க்கு விளங்காது. நம்மைப் பார்த்ததும் அடி விழுகிறது என்றுதான் பதியும். பயந்த நாய் இன்னும் அதிகமாகக் கடிக்கும். "நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்று பெரியவங்க சொல்வாங்க. வாலை நிமிர்த்த முடியாதுதான். பழக்கத்தை மாற்ற முடியும்.

நிறுத்த வழி

கடிக்க வேறு பொருள் கொடுக்கணும். பெரிய கேரட் ஒன்றைக் குளிர வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு நல்லது. வாய்க்குள் முழுசாகப் போகாத அளவு கெட்டியான ரப்பர் பந்தும் கொடுக்கலாம். அது கடிக்கும்போது நாம் பக்கத்தில் இருக்கணும்.

சாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் விளையாட்டு என்று நினைத்து அதுவும் இழுக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கேரட்டைக் காட்டி "விடு" என்று சொல்லணும். வாயை விட்ட அடுத்த நொடியே கொடுத்துவிடணும். வீட்டில் எல்லாரும் "விடு" என்ற அதே வார்த்தையைத்தான் சொல்லணும். அம்மா ஒன்று, தம்பி ஒன்று சொன்னால் அது குழம்பிப் போகும்.

காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் கயிறு கட்டி நடத்திக் கூட்டிப் போகணும். ஓடி விளையாடிய நாய் படுத்தால் தூங்கிவிடும். குட்டிக்கு ஒரு நாள் சாப்பாட்டை மூணு வேளையாகப் பிரித்துப் போடணும்.

படுக்கையையும் மாற்றணும். சாக்கை நன்றாகத் துவைத்து வெயிலில் காய வைக்கணும். யூரியா வந்த சாக்கு வேண்டவே வேண்டாம். வெயில் காலத்தில் நிழலில் வெறும் தரையோ கொஞ்சம் மணலோ போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பலகை போட்டு, அதன் மேல் காய்ந்த வைக்கோல் பரப்பலாம். பல் முளைத்து முடியும் வரை நல்ல துணி எதுவும் போடாமல் இருப்பதே மேல்.

செய்யக் கூடாதவை

கடிக்காமல் இருக்க சிலர் சாக்கில் மிளகாய்த்தூள் தூவுவாங்க, மண்ணெண்ணெய் ஊற்றுவாங்க, பாச்சை உருண்டை வைப்பாங்க. மிளகாய்த்தூள் கண்ணையும் மூக்கையும் கெடுக்கும். மற்ற ரெண்டும் விஷம். வேக வைத்த கோழி எலும்பும் கொடுக்கக் கூடாது. அது கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

இதை மறக்காதீங்க!

சாக்கு போனால் போகட்டும், வேறு சாக்கு கிடைக்கும். கிழித்ததை நாய் விழுங்குவதுதான் பெரிய ஆபத்து. துணியும் பிளாஸ்டிக் நூலும் குடலை அடைக்கும், நூல் குடலை அறுக்கவும் செய்யும். நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, வெளிக்குப் போக முக்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டணும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் நாம் இழுக்கக் கூடாது. புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்போ வெறி என்றால் என்ன?

வெறி பிடித்த நாயும் கண்டதைக் கடிக்கும். ஆனால் அதோடு வேறு அறிகுறிகளும் இருக்கும். காரணம் இல்லாமல் பாயும், குரல் மாறும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, நடை தள்ளாடும். அப்படிப்பட்ட நாய்க்கிட்ட போகாமல் பெரியவங்ககிட்ட சொல்லணும். நன்றாகத் தின்று, வாலாட்டி விளையாடிக்கொண்டு சாக்கை மட்டும் கிழிக்கிற குட்டிக்கு வெறி என்று பேர் வைக்கக் கூடாது.

வெறிநாய்க்கடிக்கு பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயசுப் பையனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். இன்று நாய்க்கே மூணு மாசத்தில் தடுப்பூசி போடலாம். பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் திரும்பவும் போடணும். எந்த நாய் கடித்தாலும், அது சின்னக் குட்டியாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணியில் 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

தோழர்களே, நாய் வாயில்லா ஜீவன். பல் வலிக்குது, புழுக்கமா இருக்குது, தனியா இருக்கேன் என்று அதால் சொல்ல முடியாது. சாக்கைக் கிழித்துத்தான் சொல்லும். அடுத்த தடவை உங்க வீட்டில் சாக்கு கிழிந்தால் கம்பைத் தேடாதீங்க, காரணத்தைத் தேடுங்க. "ரோட்டில் விட்டுடலாம்" என்று யாராவது சொன்னால், இந்த ஐந்து காரணத்தையும் அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி