வீட்டுக்குள் புகுந்த கடை நெருப்பு

ஓட்டல் வாசலில் பரோட்டாக் கல்லின் அடியில் சீறி எழும் நெருப்பைக் கண்டு, அத்தகைய வேகம் நம் வீட்டு அடுப்பிலும் இருந்தால் சமையல் அரை நாழிகையில் முடிந்துவிடுமே என்று எண்ணாத குடும்பஸ்தர்கள் சொற்பம்; ஆனால் அந்த ஆசை, கடை அடுப்பையே வாங்கி வீட்டுக்குள் வைக்கும் அளவுக்கு வளரும்போது, அதனால் நேரக்கூடிய அபாயத்தை எடுத்துச் சொல்லுவது கடமையாகிறது.

சிலிண்டருக்குள் மிகுந்த அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் வாயுவை, வீட்டு ரெகுலேட்டரானது வாயுமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு என்னும் அளவுக்குத் தணித்து அடுப்புக்கு அனுப்புகிறது. வீட்டு பர்னரும் டியூபும் அந்த மிதமான அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை. கடை அடுப்புக்கோ, திருகித் திருகி அழுத்தத்தைக் கூட்டும் வேறு ரெகுலேட்டரும், விசாலமான இடமும், வெப்பத்தை வெளியேற்றும் புகைபோக்கியும் வேண்டும். இவை ஒன்றுமில்லாத சிற்றறையில் அதை எரித்தால், காற்றோட்டம் போதாமல், மணமே இல்லாத விஷவாயுவாகிய கார்பன் மோனாக்சைடு உண்டாகும்.

உறவினர் இல்லத்தில் ஒரு சீமந்த விருந்துக்கு இத்தகைய அடுப்பை மூட்டியிருந்தார்கள். சிறிது நேரத்துக்கெல்லாம் சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்து, பிறகு வெண்மையாக உறைபனி பூத்தது. சிலிண்டருக்குள் இருக்கும் திரவ வாயு ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டதன் விளைவு அது. சுவாலை குன்றியதும் சமையற்காரர் சிலிண்டரைப் படுக்கவைக்க முனைந்தார், ஓடிப்போய்த் தடுத்தோம். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே குழாயில் பாயும். அது வெளிப்பட்டால் சுமார் 250 மடங்கு ஆவியாக விரிந்து, காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும்.

வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பிரயோகிப்பது, அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ்க் குற்றம். வீட்டிலிருந்தே சமைத்து விற்போர் 19 கிலோ வணிக இணைப்பைப் பெறுவதே முறை. பதிவு செய்த முகவரியில் எரிவாயு விபத்து நேர்ந்தால், நுகர்வோர் பிரீமியம் செலுத்தாமலே எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில் இழப்பீடு கோரலாம். விநியோகஸ்தருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அங்கீகாரமற்ற சாதனம் விபத்துக்குக் காரணமாயிருப்பின், அந்தப் பாதுகாப்பே கேள்விக்குரியதாகிவிடும்.

ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற அடுப்பையே ரசீதுடன் வாங்குங்கள். பழுதுள்ள அடுப்பை விற்றவர்மீது 1915 என்ற எண்ணில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். வாயு கசியும் வாடை வந்தால், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, மின்விசையைத் தொடாமல் வெளியேறி, 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

கனத்த இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு, பண்டங்களைச் சிறிது சிறிதாகப் போட்டு வதக்கினால், கடைச் சமையலின் ருசியில் பெரும்பகுதி வீட்டு அடுப்பிலேயே கிட்டும். அதற்கு வேண்டியது சற்றுப் பொறுமைதான். அந்தப் பொறுமையை நம் வீட்டாரின் உயிரைக் கருதியாவது மேற்கொள்வோமாக.